68 வயது மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு வயது 68. பெண்ணுக்கு 58.

மாப்பிள்ளை ராணுவத்தில் மேஜராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி காலமாகி விட்டாள். ஒரே பிள்ளை, லண்டனில் பெரிய உத்தியோகம். பெண், கிராமத்தில் மளிகைக் கடை நடத்துகிறாள். கணவன் இல்லை, குழந்தையும் இல்லை. அவர் வெள்ளைக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். இவள் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த முஸ்லிம். நம்ம ஊர்த் தரகர் யாராவது இந்த இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துப் பேசினால், ஒரு வாய் காபி கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பி விடுவோம், இல்லையா?

இந்த ஜோடியை வைத்து வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரி ஒரு காதல் நாவல் எழுதியிருக்கிறார் ஹெலன் சைமன்சன் என்ற அம்மாள். புத்தகத்தின் பேர் 'மேஜர் பெட்டிக்ரூஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்'. மேஜர் பெட்டிக்ரூவின் கடைசிப் போர் என்று வைத்துக் கொள்ளலாம். 2010-ல் வந்தது. எழுதியவரும் நம்மைப் போல வீட்டில் இருந்தவர்தான் என்று தெரிந்தபோது எனக்கு இரட்டிப்பு சந்தோஷம். இங்கிலாந்தில் பிறந்து, ஸஸெக்ஸ் பக்கத்தில் வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறியவர். விளம்பரத் துறையில் வேலை பார்த்து விட்டு, இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்ப்பதற்காக வீட்டில் இருந்தபோது எழுத்து வகுப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறார். இதுதான் அவருடைய முதல் நாவல். அடுப்படியில் நின்றபடியே 'நானும் ஒரு நாள் எழுதுவேன்' என்று நினைத்துக் கொள்கிற சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

என் இங்கிலீஷ் ப்ளஸ் டூவோடு நின்று போனது. மகள் காலேஜ் லைப்ரரியிலிருந்து கொண்டு வந்து போட்ட புத்தகத்தைப் பக்கத்தில் அகராதி வைத்துக் கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் பத்துப் பதினைந்து பக்கமாகப் படித்தேன். படித்ததை அன்றன்றைக்கே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டவர் என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வயது 74. கண்ணில் புரை எடுத்த பிறகு சின்ன எழுத்துப் படிக்க முடிவதில்லை, ஆனால் கதை என்றால் காது இரண்டும் நீண்டு விடும்.

கதை தொடங்குகிற இடமே அமர்க்களம். ஸஸெக்ஸில் எட்ஜ்கோம் செயின்ட் மேரி என்று ஒரு கற்பனைக் கிராமம். மேஜரின் தம்பி பெர்ட்டி செத்துப் போய்விட்டதாக, தம்பி மனைவியிடமிருந்து டெலிபோன் வருகிறது. மேஜர் அப்படியே ஆடிப் போய் நிற்கிறார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்கிறது. யோசிக்காமல் கதவைத் திறந்து விடுகிறார். அப்போது அவர் போட்டிருப்பது என்ன தெரியுமோ? செத்துப் போன மனைவியுடைய பூப்போட்ட ஹவுஸ்கோட்! வாசலில் பேப்பர் பணம் வாங்க வந்து நிற்கிறார் கடைக்கார மிஸஸ் அலி. காலரும் டையும் இல்லாமல் தெருவில் கால் வைக்காத மனுஷர், கொடி கொடியாகப் பூப்போட்ட சிவப்பு அங்கியில் நிற்கிறார்.

நம்மவர்கள் என்றால் அங்கேயே 'களுக்' என்று சிரித்து விட்டு, சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லியிருப்போம். மிஸஸ் அலி அந்த அங்கியைப் பார்த்ததாகவே காட்டிக் கொள்ளவில்லை. மனுஷர் தள்ளாடுவதைத்தான் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தார்.

இந்த இடத்தில் அத்தை என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, கதவு திறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?"

"அதெல்லாம் எழுதல அத்தை."

"அதை எழுதாம என்ன கதை? பெண்டாட்டி செத்த வீட்டுல ஒரு பொம்பளை போய் டீ போட்டா ஊர் சும்மா இருக்குமா?"

ஊர் சும்மா இல்லைதான். ஆனால் அந்த ஊர் பேசுகிற தினுசே வேறு. முகத்துக்கு நேரே யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டார்கள். சிரித்துக் கொண்டே, 'நமக்கு வேண்டியவர் என்பதால் சொல்கிறோம்' என்று பாகில் ஊசி சொருகுவார்கள். பாதிரியார் மனைவியும் அவருடைய கோஷ்டியும் பேசுகிற இடங்களை இரண்டு தரம் படித்தேன். மாதர் சங்கம் எந்த ஊரில் இருந்தால் என்ன!

சரி, இந்த இரண்டு பேருக்கும் என்ன பொருத்தம்? புத்தகம்தான். இருவருக்குமே கிப்ளிங் பிடிக்கும். 1865-ல் நம் பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், பாதி ஆயுளுக்கு மேல் வாழ்ந்தது இங்கிலாந்தில். 1902-ல் ஸஸெக்ஸில் பேட்மன்ஸ் என்ற பழைய கல் வீட்டை வாங்கி, 1936-ல் இறக்கும் வரைக்கும் அதுதான் வீடு. 1907-ல் நோபல் பரிசும் வாங்கியவர். வெள்ளைக்காரன் ஆள வந்தது நியாயம்தான் என்கிற மாதிரி எழுதியவர் என்று அவர் மேல் நமக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கோபம் மிஸஸ் அலிக்கும் தெரியும். ஆனாலும் படிக்கிறார். படித்ததைப் பேச ஆள் கிடைக்கவில்லை. மேஜருக்கும் அதே தவிப்பு. இவருடைய பிள்ளைக்கோ புத்தகத்தைத் திறக்க நேரமில்லை.

சாப்பாட்டுக்குத் துணை இல்லாதது ஒரு தனிமை என்றால், படித்ததைச் சொல்ல வாய் இருந்தும் கேட்க ஆள் இல்லாதது இன்னொரு தனிமை. நம் வீட்டுப் பெரியவர்கள் பேப்பரைக் கையில் வைத்துக் கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் 'இதைப் பார்த்தியா' என்கிறார்களே, 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டியபடி நாம் குக்கர் விசிலை எண்ணுகிறோமே, அதுதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மேஜர் எங்கே பிறந்தார் என்கிறீர்கள்? லாகூரில்! அப்பா அங்கே ராணுவ அதிகாரி. மிஸஸ் அலி? அச்சு அசல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் பிறந்தவர். பாகிஸ்தானை அவர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் கிராமத்துக்கு மேஜர்தான் நம்மவர், மிஸஸ் அலி அயலூர்க்காரி. வருஷக் கணக்காக அந்தக் கடையில் ரொட்டியும் பாலும் வாங்கியவர்கள், ஒரு நாளும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. இதை எழுத்தாளர் பிரசங்கமாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாக வந்து போகிறது. எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது.

அடுத்தது துப்பாக்கி விவகாரம். 1947 பிரிவினைக் கலவரத்தில், ஒரு மகாராஜாவின் மனைவியை மேஜரின் அப்பா காப்பாற்றினாராம். அதற்கு நன்றியாக மகாராஜா கொடுத்தது ஒரு ஜோடித் துப்பாக்கி, 'சர்ச்சில்' கம்பெனி செய்தது. (பிரதம மந்திரி சர்ச்சில் இல்லை, அது லண்டனில் துப்பாக்கி செய்து வந்தவர்கள்.) அப்பா சாகும்போது மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்து, ஒருவன் போனால் மற்றவனிடம் ஜோடி சேர வேண்டும் என்று சொல்லி விட்டுப் போனார். இப்போது தம்பி போய் விட்டார். ஜோடி சேர வேண்டியதுதானே? அதுதான் இல்லை. தம்பி மனைவிக்கும் மகளுக்கும், மேஜரின் சொந்தப் பிள்ளை ரோஜருக்கும் அதை விற்றுப் பணமாக்க வேண்டும். இந்த மாதிரிப் பழைய துப்பாக்கிகள் ஒற்றையாக இருந்தால் ஒரு விலை, ஜோடியாக இருந்தால் பல மடங்கு. ஒற்றை வைரத் தோட்டை எடுத்துக் கொண்டு நகைக் கடைக்குப் போய்ப் பாருங்கள், புரியும்.

ரோஜர் வருகிற பக்கமெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், பல்லைக் கடிக்கவும் தோன்றும். கெட்டவன் இல்லை. அப்பாவை அடிக்கிறானா, வைகிறானா? ஒன்றும் கிடையாது. அப்பாவிடம் இருக்கும் எல்லாமே கொஞ்ச நாளில் நமக்குத்தானே என்ற தைரியத்தில் நடமாடுகிறான், அவ்வளவுதான். 68 வயதில் அப்பா தனக்கென்று ஒரு ஆசை வைத்துக் கொள்வது அவன் கணக்கிலேயே இல்லை. அத்தை கேட்டு விட்டு, "இது நம்ம ஊர்லயும் இருக்கு, இங்கிலீஷ் மட்டும் பேசாது" என்றார்.

மிஸஸ் அலி பக்கம் இதே கதைதான், உடுப்பு மட்டும் வேறு. கணவருடைய சகோதரர் மகன் அப்துல் வாஹித், பாகிஸ்தானில் படித்து விட்டு வந்து கடையில் இருக்கிறான். சிரிக்கவே தெரியாத, ரொம்ப ஆசாரமான பையன். அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. ஆமினா என்றொரு பெண்ணும், ஜார்ஜ் என்றொரு குட்டிப் பையனும் அதில் வருவார்கள். அந்தக் குட்டிப் பையன் வந்தாலே புத்தகத்துக்கு வெளிச்சம் வந்து விடுகிறது. விஷயம் என்னவென்றால், கடையை அந்தப் பிள்ளையிடம் விட்டு விட்டு, மிஸஸ் அலி கணவர் வீட்டாரோடு வடக்கே போய் அடங்கி இருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அவர் காலையில் எழுந்து கடை திறந்து, கணக்கெழுதி, ஊருக்கே பேப்பர் போட்டதெல்லாம் யார் ஞாபகத்திலும் இல்லை. குழந்தை இல்லாத விதவைக்குக் கடை எதற்கு?

இதைச் சொல்லிக் கொண்டு வரும்போது அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தி விட்டுக் கேட்டார்: "கடை யார் பேர்ல இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்கிறேன். எங்கள் மாமனாருக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கடை இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அத்தைதான் கல்லாவில் உட்காருவார். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை கோடு போட்ட நோட்டு, எத்தனை கட்டம் போட்டது என்று மனப்பாடமாகத் தெரியும். மாமனார் காலமானபோது நான் கல்யாணமாகி வந்து மூன்றாவது வருஷம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து எல்லாரும் பேசினார்கள். கடை மூத்தவருக்கு, வீட்டுக்கு ஈடாக இளையவருக்கு இவ்வளவு, அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. கத்தியோ சண்டையோ எதுவும் இல்லை. எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. காகிதத்தை அத்தை முன்னால் வைத்தார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'உனக்கு எங்கேம்மா இருக்கணும்' என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மருமகள்கள் நாங்கள் காபி டம்ளர் எடுத்துக் கொண்டிருந்தோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கும், மகன் மகள் ஒவ்வொருவருக்கும், இறந்தவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. மனைவியின் பங்கு முழுக்க அவளுடையதுதான். விட்டுக் கொடுப்பதும் வைத்துக் கொள்வதும் அவள் இஷ்டம். கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்து கொண்டு போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

"கடை அந்தம்மா கையிலதான் அத்தை இருக்கு" என்றேன்.

"அப்ப சரி. மேல சொல்லு" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நாவலுக்கு வருகிறேன். நடுவில் கோல்ஃப் கிளப்பின் வருஷாந்திர நடன விருந்து வருகிறது. இந்த வருஷம் மொகலாய தர்பார் மாதிரி நடத்தலாம் என்று கமிட்டிப் பெண்கள் தீர்மானிக்கிறார்கள். சரிகைத் துணி என்ன, தலைப்பாகை என்ன! மொகலாயர் யாரென்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. அவர்களுக்கு மிஸஸ் அலி யோசனை சொல்ல வேண்டும், சாப்பாட்டுக்கு ஆள் காட்டி விட வேண்டும். ஆனால் அவர் மேஜரின் கையைப் பிடித்துக் கொண்டு விருந்தாளியாக உள்ளே நுழைந்தால் மட்டும் முகம் கோணுகிறது. அன்றைக்கு மேஜரின் அப்பா செய்த வீரச் செயலை நாடகமாகப் போடுகிறார்கள். ரயிலில் ஜனங்கள் வெட்டுப்பட்டுச் செத்த கோரத்தை, சாப்பாட்டுக்கு நடுவே ஒரு தமாஷாக! அங்கே வந்திருந்த ஒரு பாகிஸ்தானிய முதியவர் பொறுக்க முடியாமல் கத்தி விடுகிறார். அதுவரை சிரித்துக் கொண்டே வந்த நமக்கும் சிரிப்பு தொண்டையில் நின்று விடும்.

அந்த இடத்தில் மேஜர் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து மிஸஸ் அலி பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். மனுஷர், தன் அப்பாவின் பேரைச் சொல்லிக் கொடுத்த வெள்ளித் தட்டை வாங்கிக் கொண்டு நிற்கிறார். நல்லவர்தான், மரியாதை தெரிந்தவர்தான். அந்த மரியாதையே கையைக் கட்டிப் போட்டு விட்டது. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பது அவருக்கும் இருக்கிறது பாருங்கள். அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார், பிறகு அந்த வயதில் காரை எடுத்துக் கொண்டு எங்கே போனார், என்ன செய்தார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. தலைப்பில் 'போர்' என்று இருப்பது சும்மா இல்லை.

குறை இல்லையா? இருக்கிறது. கடைசிப் பகுதியில் சினிமா கிளைமாக்ஸ் மாதிரி மலை முகடு, துப்பாக்கி, பின்னல் ஊசியால் குத்துகிற கிழவி என்று ஏகப்பட்ட அமளி. இவ்வளவு நேரம் டீக் கோப்பையை வைத்தே நம்மைக் கட்டிப் போட்டவருக்கு, எதற்கு இந்தத் தடபுடல் என்று தோன்றியது. அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண்களின் அசட்டுத்தனத்தைச் செல்லமாகக் கிண்டல் செய்கிறவர், மிஸஸ் அலியின் உறவுக்காரர்களை எழுதும்போது அந்தச் செல்லத்தைக் கொஞ்சம் சுருக்கிக் கொள்கிறார் என்பதும் என் அபிப்பிராயம். அத்தைக்கு மட்டும் அந்தக் கடைசி அமளிதான் ரொம்பப் பிடித்தது. "குத்தினாளா! எந்தக் கையில?" என்று கேட்டுத் தொலைத்து விட்டார்.

எனக்குப் பிடித்தது வேறு. இங்கிலீஷில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே 'யூ'தான். நெருக்கம் வந்ததை எப்படிக் காட்டுவது? பேரில் காட்டுகிறார். புத்தகத்தின் பெரும் பகுதியில் அவர் 'மிஸஸ் அலி'தான், அதாவது அலியின் மனைவி. அவருக்கென்று ஒரு பேர் இருக்கிறது, ஜஸ்மினா. நம்ம மல்லிகைதான்! மேஜர் வாயிலிருந்து அந்தப் பேர் வருவதற்குள் நமக்கே தவிப்பாகி விடுகிறது. கட்டிப் பிடிப்பதும் முத்தமிடுவதுமாக நூறு பக்கம் எழுதியிருந்தாலும் அந்தச் சுகம் வந்திருக்காது.

இதே எழுத்தாளர் 2016-ல் முதல் உலகப் போருக்கு முந்தைய ரை நகரத்தை வைத்து ஒரு நாவல், 2024-ல் போர் முடிந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பெண்களை வைத்து ஒன்று என்று எழுதியிருக்கிறார். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதற்குள், வயதானவர்கள் ஜோடி சேருகிற சிரிப்புக் கதை தமிழில் உங்களுக்குத் தெரிந்தது ஏதாவது இருந்தால், ஒரு வரி எழுதிப் போடுங்கள், சகோதரிகளே. அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கடை யார் பேரில் இருக்கிறது என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்து விட வேண்டுமாம்!